ஆறிப்போன கோடு

எங்கள் தெருமுனையில், டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடி விற்கிறவனுக்குப் பலகை எதற்கு, உள்ளே இருப்பதெல்லாம்தான் வெளியே தெரிகிறதே என்பார் கடைக்காரர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். சபையிலும் அப்படியே. அவருடைய மனைவி மட்டும் ‘இங்க பாருங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து படங்களுக்குச் சட்டம் அடிப்பது அந்த அம்மாள்தான்.

ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, படத்துக்குப் போடும் மெல்லிய கண்ணாடி எல்லாவற்றையும் அவர் தம் கையால் அறுத்துக் கொடுப்பார். அறுப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அது அறுப்பதில்லை. பென்சில் போன்ற ஒரு கருவி. அதன் நுனியில் மிளகில் பாதிகூட இல்லாத ஒரு சக்கரம். அதை மண்ணெண்ணெயில் தோய்த்து, அளவுகோலை ஒட்டி இழுப்பார். கீச்சென்று ஒரே சீரான சத்தம் வரும். கண்ணாடியின் மேல் தலைமுடி போல ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் ஒரு அழுத்து அழுத்துவார். கோட்டின் வழியே கண்ணாடி இரண்டாகிவிடும்.

இதில் அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. கோட்டை ஒரே தடவைதான் ஓட்ட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி ஓட்டினால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் தன் இஷ்டத்துக்கு உடையும். இரண்டாவது, போட்ட சூட்டோடு உடைத்துவிட வேண்டும். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் கோடு ஆறிவிடும். பிறகு அந்தக் கோட்டின் பேச்சைக் கண்ணாடி கேட்காது.

முதல் சட்டத்தை அவர் ஜெபத்துக்கும் வைத்திருந்தார். சபையில் யாராவது படுக்கையில் விழுந்தால் போதகருக்கு முன்பே இவருக்குத்தான் ஆள் வரும். போய்க் கட்டில் கம்பியின் மேல் கை வைத்துக்கொள்வார். நோயாளியின் தலையில் வைக்க மாட்டார். கையில் கண்ணாடித் தூள் இருக்குமாம். கண்ணை மூடி இரண்டு மூன்று வாக்கியம். கத்தல் இல்லை, கண்ணீர் இல்லை. முடித்துவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணக்கூடாதா என்று வீட்டார் கேட்டால், “ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும்மா” என்பார். படுத்திருப்பவர்கள்கூட அதற்குச் சிரித்துவிடுவார்கள். பயம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் அந்தக் கடைக்குள் ஜெபத்துக்கு உட்காருவோம். கண்ணாடிக்காரர், சின்ன வயதிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளி வேன் ஓட்டுநர், நான். நான் இருவருக்கும் மூத்தவன். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதால் அவர்களுக்கு நான் ‘ரிஜிஸ்டர் அண்ணன்’. ஓட்டுநருக்கு ‘ஆமென்’ என்று பெயர். கண்ணாடிக்காரர் ஜெபிப்பார், அடுத்து நான் ஜெபிப்பேன், ஓட்டுநர் முறை வரும்போது தொண்டையைக் கனைப்பார், ஆமென் என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லை ஹாரன் அடிப்பதுபோல அடிப்பார். டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நீயும் நாலு வார்த்தை ஜெபித்தால் என்ன என்று கண்ணாடிக்காரர் கேட்காத வாரம் கிடையாது. தனக்கு வாய் வராது, நீ சொல்வதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன், அது போதாதா என்பார் ஆமென்.

நோய் முதலில் தெரிந்தது ஓர் அலமாரிக் கண்ணாடியில். இடது கை அளவுகோலைப் பிடித்திருக்க, வலது கை இழுக்க, கோடு பாதியில் விலகிப் போயிற்று. சக்கரம் தேய்ந்துவிட்டது என்று வேறு சக்கரம் மாட்டினார். மறுநாளும் அப்படியே. சக்கரத்தில் குற்றமில்லை, கோல் நகர்ந்திருந்தது. கோலைப் பிடித்திருந்த கை நகர்ந்ததை அவர் அறியவில்லை. பிறகு ஒரு நாள் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கும்போது அந்த இடது கை தானாக விரிந்துவிட்டது. கண்ணாடி காலடியில் விழுந்து சிதறியது. அவர்மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்டவர் காப்பாற்றினார் என்று தெருவே சொன்னது. அவர் மட்டும் சில்லுகளைப் பார்க்காமல் தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றதாக அவர் மனைவி சொன்னார்.

தலையின் வலப்பக்கத்தில் கட்டி. ஸ்கேன் படம் எடுத்துவந்து, கடையில் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து எங்களுக்குக் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் வெள்ளையாக, ஓரம் தெளிவில்லாமல் இருந்தது.

“சில கண்ணாடில உள்ளுக்குள்ள குமிழ் இருக்கும் அண்ணே. அந்த எடத்துல கோடு ஓட்டினா அது எந்தப் பக்கம் ஓடும்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்படி வந்தா நான் தொட மாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன். இந்த டாக்டர் தொடறேங்கறாரு.”

தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் டாக்டர் சொல்லியிருந்தார். கட்டி வளர்கிற வேகம் சரியில்லை. கையோடு நிற்காது, காலும் பார்வையும் அடுத்தடுத்துப் போகும். பிறகு அறுவை செய்தும் பயனிராது. ஆகவே நாள் குறித்தார்கள்.

அதற்குப் பின் நாங்கள் பார்த்த மனிதர் வேறு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கை வைக்காமல் இருப்பார். கதவு சற்றுப் பலமாக அடித்தால் துள்ளுவார். கட்டியைச் சுற்றியிருந்த வீக்கம் குறைய ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும் மாத்திரை. மிச்சமிருந்த தூக்கத்தைப் பயம் கெடுத்தது. குளிக்கும்போதும் படி ஏறும்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முதலில் கணக்குப் போடுகிறார் என்று மனைவி நினைத்தாராம். காது கொடுத்துக் கேட்டபோது அது ஒரே ஜெபம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

அதை என்னிடம் அவரே ஒப்புக்கொண்டார். “ஊருக்கெல்லாம் ஆண்டவருக்குக் காது கேக்கும்னு சொன்னேன். இப்ப கேக்குதான்னு எனக்கே தெரியல அண்ணே. நிறுத்தினா விட்டுருவாரோன்னு பயமா இருக்கு.”

இறந்தவர்களின் வீட்டாரோடு பேசித்தான் எனக்குப் பழக்கம். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அச்சடித்து வந்துவிடும்.

முதல் தடவை குறித்த நாளில் அறுவை நடக்கவில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறிக் கிடந்தன. இந்த நிலையில் மயக்கம் கொடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரத்துக்கு நாள் கொடுத்து, அதற்கு முன்பு ஒரு சோதனைக்கு வரச் சொன்னார்கள். அந்தச் சோதனைக்கு ஆமென் தம் வேனில் அழைத்துப் போனார். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் இருவரும் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போகிறது.

மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். கண்ணாடிக்காரர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டிய நிலையில் கட்டிலில் படுத்திருந்தார். அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. கனமான கண்ணாடி, பார்க்கலாம், கேட்காது. கதவுக்கு அப்பால் டாக்டர் வந்து ஆமெனைத் தனியாக அழைத்தார். ஏதோ சொன்னார். ஆமென் தலையாட்டினார். டாக்டர் விரலை நீட்டி மறுபடி அழுத்திச் சொன்னார். ஆமென் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, கிளம்பலாம்டா என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று இவர் கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அவர். முப்பது வருடமாகக் கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்தவருக்கு, அந்தக் கைக்குட்டையைத் தவிர வேறொன்றும் மனத்தில் தங்கவில்லை.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் கூடினோம். பை கட்டி வாசலருகே இருந்தது. மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல யார் தொடங்குவது என்ற பேச்சே எழவில்லை. எல்லாரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு ஆமெனைப் பார்த்து, “என்னால முடியலடா. இன்னைக்கு நீ பண்ணு” என்றார்.

ஆமென் தொண்டையைக் கனைத்தார். பிறகு சொன்னார்:

“ஆண்டவரே. இவன் எங்க சிநேகிதன். உமக்கே தெரியும். இவனுக்கு நல்ல நித்திரையைத் தாரும். சமாதானமான நித்திரையைத் தாரும். சீக்கிரமாத் தாரும். ஆமென்.”

அந்த ஆமெனை அவரே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. வேறு ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

நித்திரை என்றால் தூக்கம்தான், யாருக்குத் தெரியாது? ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அந்தச் சொல் தூக்கத்துக்கு உரியதில்லை. ஆலய வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அடக்கம் இத்தனை மணிக்கு என்று அதில் ஒட்டுவார்கள். அந்தப் பலகையில் அந்தச் சொல்லைப் படித்துப் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். என் அலுவலகத்தில்கூட ஒருவர் தம் தகப்பனாரின் மரணத்தைப் பதிய வந்து, காரணம் என்ற இடத்தில் ‘நித்திரை’ என்று எழுதிக் கொடுத்தார். புதிதாக வந்த எழுத்தர், தூங்கினால் சான்றிதழ் தர மாட்டோம் என்று அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தக் கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்காரர் கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. அவை ஆமென் முகத்தின் மேலேயே இருந்தன. அவர் மனைவியின் கை முந்தானையை முறுக்கியது முறுக்கியபடி நின்றது. ஆமென் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டவர்போல எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார். வெளியே வந்ததும் என்னிடம், எப்படி இருந்தது அண்ணே என்று கேட்டார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு நடந்தேன். டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

காலையில் கண்ணாடிக்காரரின் மனைவி போன் செய்தார். “அண்ணே, பை இருந்த எடத்துலயே இருக்கு. ஆளக் காணோம். செருப்பும் இல்ல.”

ஆமென் ஏற்கெனவே வேனைக் கொண்டுவந்து அவர்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும், அந்த அம்மாளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முதலில் ஆலயத்துக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. பிறகு பேருந்து நிலையம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே மூன்று பேரும் வழியிலிருந்த பாலத்தின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே போனோம். கடைசியில்தான் கடை நினைவுக்கு வந்தது.

ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. உள்ளேயிருந்து கீச்சென்ற சத்தம். அப்பாடா, வேலை செய்கிறார் என்று மூச்சு விட்டேன். சத்தம் நின்றது, மறுபடி கீச். அதே நீளம், அதே இடம். மறுபடி. அவர் ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

குனிந்து உள்ளே போனோம். மனைவி வெளியிலேயே ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணாடிக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. தாம் வரப்போவதில்லை என்றும், அறுவைக்கு வேறு யாருக்காவது அந்த நாளைக் கொடுத்துவிடச் சொல்லும்படியும் மேசையைப் பார்த்தே சொன்னார். சாகத்தான் வேண்டுமென்றால் தலையைத் திறந்து போட்டுச் சாக வேண்டியதில்லை, தம் கடையில் உட்கார்ந்தே அதைப் பார்த்துக்கொள்கிறாராம்.

ஆமென் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“டாக்டர் உன்கிட்ட என்னடா சொன்னாரு?” என்றார் கண்ணாடிக்காரர்.

“எப்ப?”

“அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். நான் பாத்தேன். அவர் சொல்லச் சொல்ல நீ தலையாட்டின. அப்புறம் மூஞ்சியத் தொடச்சுக்கிட்ட.”

“வேர்த்துச்சு, தொடச்சேன். உன்னத் தூங்க வைக்கணும்னாரு.”

“அதான். எத்தன நாள்னாரு?”

“நாளா? ஏழு மணி நேரம்னாரு.”

கருவி மேசையில் விழுந்தது. ஷட்டருக்கு வெளியே அந்த அம்மாள் மூச்சை இழுத்தது எங்களுக்குக் கேட்டது.

ஆமென் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். தூக்கம் கெட்டுத்தான் அழுத்தம் ஏறுகிறது. இந்தத் தடவையும் ஏறினால் மறுபடி தள்ளிப்போட வேண்டியிருக்கும். அதற்குக் கட்டி காத்திருக்காது. எப்படியாவது முந்தின இரவுகளில் நண்பரைத் தூங்க வையுங்கள், ஆனால் தூங்கு தூங்கு என்று அவரிடமே சொன்னால் வருகிற தூக்கமும் போய்விடும், சொல்லாதீர்கள். இவ்வளவுதான் டாக்டர் சொன்னது. சொல்லாமல் எப்படித் தூங்க வைப்பது என்று யோசித்துத்தான் தமக்கு வேர்த்தது. வேறு வழி தெரியாமல் ஆண்டவரிடம் சொன்னாராம்.

“அதுக்கு நித்திரையாடா?”

“ஜெபத்துல போயித் தூக்கம்னு சொல்ல முடியுமா? மரியாதையா இருக்குமா? நீ எப்பவும் தாரும், அருளும்னு பெரிய வார்த்தையாப் போடுவ. எனக்குத் தெரிஞ்ச பெரிய வார்த்தை அது ஒண்ணுதான். போர்டுல பாத்தது.”

வெளியே அந்த அம்மாள் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாதபடி ஒரு சத்தம் வந்தது. இனிக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

கண்ணாடிக்காரர் எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தில் வெளிச்சமே வரவில்லை. உதட்டின் இடது ஓரம் துடித்துக்கொண்டிருந்தது.

“நீ தப்பாச் சொன்ன, சரி. ஆனா சொல்லிட்டியேடா. அது மேல போயிருச்சே. தப்பாப் போட்ட கோடுன்னு கண்ணாடிக்குத் தெரியுமா? கோடு விழுந்தா அதும்படிதான் உடையும்.” கொஞ்சம் நிறுத்தினார். “இத்தன வருஷம் வாயத் தொறக்காதவன் நேத்து ஏன் தொறந்த? அந்த வார்த்தய உன் வாயில வச்சது யாரு?”

அது கேலியில்லை. அவர் உண்மையாகவே கேட்டார். எனக்கும் அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் நம்பி வாழ்கிறவர்கள். தற்செயலாக வாயில் வந்த ஒரு சொல்லை ஆண்டவர் கொடுத்தது என்று சாட்சி சொல்லி நாங்கள் மகிழ்ந்த நாட்கள் உண்டு. நல்ல சொல் வந்தபோது அவர் கொடுத்தது என்றோம். கெட்ட சொல் வந்தபோது நாக்குத் தவறியது என்று எந்த முகத்தோடு சொல்வது? வேதத்திலிருந்து எதையாவது எடுத்துச் சொல்லலாமா என்று தேடினேன்.

ஆமென் மேசைக்கு வந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். ஓட்டி ஓட்டிக் கோடு வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலால் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

“நீதானடா சொல்லுவ,” என்றார். “கோடு போட்டா சூட்டோட உடைக்கணும்னு. விட்டா ஆறிப்போவும், அப்புறம் கேக்காதுன்னு. ஒருதரம் நான் போன் பேசிட்டு வந்து அழுத்தினதுக்கு என்ன திட்டு திட்டின.”

கண்ணாடிக்காரர் மேசையில் கிடந்த கண்ணாடித் தூளை அளவுகோலால் ஒதுக்கினார்.

“நான் போட்டது நேத்து சாயங்காலம். ராத்திரி பூரா நீ கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான இருந்த? உடையலியே. அந்தக் கோடு ஆறிப்போச்சுடா.”

டயர் கடையில் யாரோ ஒரு சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்று, மறுபடி தொடங்கும்வரை கண்ணாடிக்காரர் ஆமெனையே பார்த்திருந்தார். பிறகு கருவியை எடுத்து நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“சக்கரம் போச்சு,” என்றார். “புதுசு ஒண்ணு வாங்கணும்.”

அதைக் கேட்டதும்தான் அவர் மனைவி ஷட்டரை மேலே தள்ளினார்.

எழுந்து நின்றவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பயம் போயிற்றா என்று ஆமென் கேட்டார். இல்லை என்று தலையசைத்தார். “பரவால்ல, அதையும் ஏத்திக்கலாம். வேன்ல எடம் இருக்கு” என்றார் ஆமென். சின்னப் பிள்ளைகள் உட்காரும் அந்தத் தாழ்ந்த இருக்கையில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்துகொண்டு அவர் மருத்துவமனைக்கு வந்தார். பாதி வழியில் அவர் தலை சாய்ந்தது. தூங்கிவிட்டார். ஆமென் ஹாரனே அடிக்காமல் ஓட்டினார். அவர் அப்படி ஓட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை அழுத்தம் இறங்கியிருந்தது. தலையை மழித்து, பச்சைத் துணி போர்த்தி, தள்ளுவண்டியில் படுக்க வைத்து அறுவைக் கூடத்தின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். சொல்வதற்கு இருந்தால் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். போதகர் முந்தின நாளே வந்து ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். மனைவி குனிந்து அவர் நெற்றியைத் தொட்டார். கண்ணாடிக்காரரின் கண்கள் ஆமெனைத் தேடின. ஆமென் பின்வாங்கினார், இன்னொரு சொல் தவறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. அண்ணன் பண்ணட்டும் என்று என்னைக் காட்டினார்.

“நீதான்,” என்றார் படுத்திருந்தவர். “தூக்கம்னே சொல்லு.”

ஆமென் வண்டிக் கம்பியின் மேல் கை வைத்தார். கண்ணை மூடவில்லை.

“ஆண்டவரே, அன்னைக்கு நான் சொன்னத அடிச்சிருங்க. இவன் இப்ப தூங்கப் போறான். டாக்டர் வேலய முடிச்சதும் எழுப்பி விடுங்க. எழுப்பி விட்டுருங்க.”

“இன்னொரு தடவ சொல்லுடா,” என்றார் கண்ணாடிக்காரர்.

ஆமென் அதையே மறுபடி சொன்னார். வண்டி நகரத் தொடங்கியது. ஆமென் என்று சொன்னது கண்ணாடிக்காரர். மெல்லிய குரல், வண்டிச் சக்கரத்தின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். அந்த வாசலில் எங்களைப் போல வேறு வீட்டாரும் இருந்தார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாரும் எழுந்து நிற்போம். யாரோ ஒருவர் உள்ளே போவார், மற்றவர்கள் உட்காருவோம். ஒருதரம் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் உடைந்து கேட்டது. எங்கள் பக்கத்தில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனத்தில் பழைய படிவத்தின் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன: பெயர், வயது, தொழில். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றுகூட நினைத்துவிட்டேன். தலையை உதறிக்கொண்டு பக்கத்தில் பார்த்தால், ஆமென் வாயைத் திறந்தபடி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போன என்னை அந்த அம்மாள் தடுத்தார். இத்தனை நாளும் அவரும் தூங்கவில்லையாம்.

டாக்டர் வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, ஓரத்தில் சிறிது விட்டுவைக்க வேண்டியதாயிற்று, அதைத் தொட்டால் கால் போகும். கண் விழிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். எப்போது விழிப்பார் என்று கேட்டதற்கு, சீக்கிரம் என்றார். அந்தச் சீக்கிரம் வரவில்லை. ஜன்னல் வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போயிற்று. ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே போனார்; இன்னொருவர் அதைவிட வேகமாக வெளியே வந்தார். எங்களுக்கா, வேறு யாருக்கா என்று தெரியவில்லை. அந்த அம்மாளின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கவனித்தேன்: எழுப்பி விட்டுருங்க, எழுப்பி விட்டுருங்க. என் உதடும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் உணர்ந்தேன்.

கடைசியில் ஒருவர் மட்டும் வரலாம் என்று கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் போனார். திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“முழிச்சிட்டேன்னு ஆமென்கிட்டச் சொல்லச் சொன்னாரு, அண்ணே.”

ஆமென் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சோதனை முடிவு நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது. விட்டுவைத்த அந்த ஓரத்தை அவ்வப்போது படமெடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இடது கையில் பாதி பலம்தான் வந்திருக்கிறது. இப்போது அளவுகோலை அவர் மனைவி பிடித்துக்கொள்ள, இவர் இழுக்கிறார். கோல் நகர்ந்தால் குற்றம் யார்மேல் என்று இருவருக்கும் தினமும் வழக்கு நடக்கிறது. நோயாளிகளைப் பார்க்க மறுபடி போகிறார். ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்ற பேச்சை விட்டுவிட்டார். பயமாக இருக்கிறதா என்று கேட்கிறார்; அவர்கள் இல்லை என்று சொன்னால், எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது என்கிறார். அதற்குப் பிறகுதான் அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள்.

ஒவ்வொரு படமெடுப்புக்கு முன்பும் பழைய நடுக்கம் வந்துவிடுகிறது. அடுத்தது நாளை, திங்கட்கிழமை. நேற்று சனிக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். நான் ஜெபித்தேன். ஆமென் முறை வந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார். கண்ணாடிக்காரர் மட்டும் கண்ணை மூடவில்லை. அடுத்து என்ன சொல் வரப்போகிறதோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.